பலாவுத் தீவுகளில் ஒரு காவற்படை



யுத்த சரித்திரம் எழுதுவோரின் கண் பெரும்பாலும் போர்க்களத்தின்மீதே படிகிறது. ஒரு படை ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்டு, முன்பின் அறியாத மண்ணில் பாசறை அமைத்து, பகைவன் வருவானோ மாட்டானோ என்று மாதக்கணக்காகக் காத்துக்கிடந்த காலத்தை அவர்கள் இரண்டொரு வாக்கியங்களில் கடந்து சென்றுவிடுகின்றனர். இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது அப்படிக் கடந்து செல்லப்பட்ட ஒரு காலம். ஜப்பானியத் தரைப்படையின் பதினான்காம் டிவிஷன் 1944 ஏப்ரல் முதல் 1945 செப்டம்பர் வரை மேற்குப் பசிபிக்கில் உள்ள பலாவுத் தீவுகளில் தாணையம் இருந்த வரலாற்றையே சொல்லப்போகிறேன். அந்தப் படை போரில் இறங்க நேர்ந்த நாளில் அது காத்து நின்ற பொருளுக்கு இரு தரப்பிலும் மதிப்புக் குறைந்து போயிருந்தது. அதை அறிந்தவர்கள் வெகுதொலைவில் இருந்தார்கள். அறியாதவர்களே சண்டையிட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், வீடிழந்தார்கள். என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தி வரும் இந்தச் செய்தியைத் தங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

பலாவு என்பது பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கிடக்கும் தீவுக்கூட்டம். பாபெல்தாவோப் அவற்றுள் பெரியது. காடும் செம்மண் குன்றுகளும் சதுப்புகளும் நிறைந்தது. அதை ஒட்டித் தென்புறத்தே கொரோர் என்னும் சிறு தீவு. அதற்கும் தெற்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், பவளப்பாறை வேலிக்குள், பெலெலியூ. வேலிக்கு வெளியே இன்னும் தெற்கில் அங்காவூர். ஸ்பெயினிடமிருந்து 1899-இல் ஜெர்மனி விலைகொடுத்து வாங்கிய இத்தீவுகளை முதல் உலக யுத்தம் மூண்டவுடனே, 1914 அக்டோபரில், ஜப்பானியக் கடற்படை கைப்பற்றியது. பின்னர் சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி நிர்வாகப் பொறுப்பு ஜப்பானுக்கே கிடைத்தது. 1922-இல் தென்கடல் அரசாங்கத்தின் தலைமை அலுவலகம் கொரோரில் நிறுவப்பட்டது. கடைவீதியும் பள்ளிக்கூடமும் ஷிண்டோ ஆலயமும் கொண்ட ஜப்பானிய நகரமாகவே கொரோர் வளர்ந்தது. குடியேறியவர்களின் தொகை தீவின் சொந்த மக்களின் தொகையை விஞ்சியது. ‘தென்கடல் மக்கள்’ படிக்கவேண்டிய ஜப்பானிய மொழிப் பாடநூல்களைத் தயாரிக்கும் உத்தியோகத்தில் எழுத்தாளர் நாகாஜிமா அத்சுஷி 1941-இல் இங்கே வந்து தங்கியதும் நினைவுகூரத்தக்கது. இந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வினாவை இந்த மாற்றங்கள் நிகழ்ந்த காலம் முழுவதிலும் அத்தீவு மக்களிடம் எவரும் கேட்டதில்லை.

இனிப் படையைப் பற்றி. ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1905-இல், திரட்டப்பட்ட பதினான்காம் டிவிஷன் பின்னர் தோக்கியோவுக்கு வடக்கே உள்ள உத்சுனோமியா நகரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. அதன் காலாட்படை ரெஜிமெண்டுகள் மித்தோ, தகாசாகி, உத்சுனோமியா ஆகிய ஊர்களைச் சார்ந்தவை. சிப்பாய்களுள் பலர் அவ்வட்டாரத்து உழவர்களின் பிள்ளைகள். 1937-இல் சீனத்தோடு போர் மூண்டபோது இந்த டிவிஷன் தொய்ஹாரா கென்ஜியின் தலைமையில் வடசீனத்தில் இறங்கியது. 1938-இல் இதையும் உள்ளிட்ட ஜப்பானியப் படைகள் கைஃபெங் வட்டாரத்தில் முன்னேறி வந்ததைத் தடுப்பதற்காகவே சியாங் கை-ஷேக்கின் சேனை மஞ்சள் நதியின் கரையை உடைத்துவிட்டது. அந்த வெள்ளத்தில் மாண்ட சீனக் குடியானவர்கள் லட்சக்கணக்கானோர். பிறகு ஊர் திரும்பிய படை 1940-இல் மீண்டும் புறப்பட்டு, வட மஞ்சூரியாவில் சிட்சிஹார் நகரில் சோவியத் எல்லையை நோக்கிய தாணையமாக அமர்ந்தது. பூஜ்யத்திற்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்கும் குளிரில், வராத ருஷ்யனை எதிர்பார்த்து, கம்பளிக் கோட்டும் மயிர்த் தொப்பியும் அணிந்து பயிற்சி செய்துகொண்டிருந்த படை அது.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பசிபிக் போர்முனை சரியத் தொடங்கியதும், மஞ்சூரியாவில் வாளாவிருந்த டிவிஷன்களைப் பெயர்த்துத் தெற்கே அனுப்பும்படி தோக்கியோவிலிருந்து உத்தரவு பிறந்தது. பதினான்காம் டிவிஷன் மார்ச் இறுதியில் தைரென் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. அதே நாட்களில், மார்ச் 30, 31 தேதிகளில், அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் பலாவுத் துறையில் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. அங்கிருந்த ஜப்பானியக் கூட்டுக் கடற்படை முன்னரே விலகிச் சென்றிருந்தது. திரும்பி வரவும் இல்லை. ஒரு கடற்படைத் தளத்தைக் காக்கவென்று பிரயாணம் செய்துகொண்டிருந்த தரைப்படை, வழியிலேயே, கடற்படையில்லாத தளத்தின் காவலாளியாகிவிட்டது! ஏப்ரல் 24-ஆம் தேதி அவர்கள் பலாவில் இறங்கியபோது துறையெங்கும் மூழ்கிய கப்பல்களின் பாய்மரக் கம்பங்களே நீட்டிக்கொண்டு நின்றன.

படைத்தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் இனோவே சதாயே. பலாவு வட்டாரத்துப் படைகள் அனைத்தும் அவர் கீழ் வந்தன. பெரும்பகுதியை அவர் பாபெல்தாவோப்பிலும் கொரோரிலும் நிறுத்திக்கொண்டு, மித்தோ நகரத்து இரண்டாம் ரெஜிமெண்டைக் கர்னல் நாககாவா குனியோவின் தலைமையில் பெலெலியூவுக்கு அனுப்பினார். அங்காவூருக்கு உத்சுனோமியா ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன் போயிற்று. பெலெலியூ பதின்மூன்று சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் ஒன்றையொன்று குறுக்கிடும் இரு ஓடுபாதைகள் கொண்ட நல்ல விமானத்தளம் அங்கே இருந்தது.

ஜூலையில் சைப்பான் தீவு வீழ்ந்தது. கடற்கரையிலேயே பகைவனை எதிர்த்து, முடியாதபோது கூட்டமாகப் பாய்ந்து மடிவது என்ற பழைய முறை அங்கே சில வாரங்களில் ஒரு முழுப் படையைத் தின்று தீர்த்தது. அதைக் கண்ட இனோவே ஜூலை 11-ஆம் தேதி தம் படையினருக்கு ஒரு பயிற்சி ஆக்ஞை பிறப்பித்தார். அவசரப்பட்டு உயிரைவிடுவதில் பயனில்லை, மலைக்குள் புகுந்துகொண்டு பகைவனுக்கு ஒவ்வோர் அடிக்கும் விலை வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். பெலெலியூவின் நடுவே உமுர்ப்ரோகோல் என்ற பவளப்பாறை முகடு பிளவும் பள்ளமுமாகக் கிடந்தது. இயற்கைக் குகைகளோடு பாஸ்பேட் சுரங்கங்களும் இருந்தன. நாககாவாவின் ஆட்கள் அவற்றைத் தோண்டி, இணைத்து, வளைத்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட குகைகள் கொண்ட கோட்டையாக்கினர். நெருப்பும் வெடியதிர்ச்சியும் உட்புகாதபடி சுரங்கங்களை நேராக வெட்டாமல் மடக்கி மடக்கி வெட்டினர். சில பீரங்கிகளுக்கு முன்னே இழுத்து மூடத்தக்க இரும்புக் கதவுகள் பொருத்தினர். தீவிலிருந்த கடற்படை உத்தியோகஸ்தர்கள் தரைப்படைக் கர்னலுக்குக் கீழ்ப்படிய மனமில்லாமல் முரண்பட்டதால், மேஜர் ஜெனரல் முராய் என்பவரைப் பதவிப் பலத்துக்காக அனுப்பிவைக்கவேண்டி வந்ததாம். சாவை எதிர்நோக்கியிருந்த சிறு தீவிலும் இந்தப் பதவிச் சச்சரவு ஓயவில்லை என்பது படிக்கும்போது மனத்தை வருத்துகிறது.

பாறையைக் குடைந்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்லர். கொரியரும் ஓக்கினாவா மக்களுமான கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தனர். பின்னர் பெலெலியூவில் நடந்த சண்டையில் உயிரோடு பிடிபட்ட சுமார் இருநூறு பேரில் சிப்பாய்கள் மிகச் சிலர், மிச்சம் பெரும்பாலும் இந்தக் கூலியாட்களே. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற்போன நம் தமிழ்த் தொழிலாளர்களின் கதையை அறிந்தவர்களுக்கு, படைக்கணக்கில் சேராத இந்தக் கூட்டத்தின் நிலைமையை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

பெலெலியூவின் சொந்த மக்களோ சண்டைக்கு முன்பே தீவைவிட்டு அகற்றப்பட்டு, பாபெல்தாவோப்புக்கு அனுப்பப்பட்டனர். அதனால் அவர்கள் போரின் நேர் அழிவுக்குத் தப்பினர் என்பது உண்மை. உடன் நின்று போரிட விரும்பிய தீவு இளைஞர்களைக் கடிந்து திருப்பியனுப்பி ஜப்பானியர் அவர்களைக் காப்பாற்றினர் என்றொரு கதை ஜப்பானில் பரவலாக வழங்குகிறது. அது உருக்கமான கதை. ஆயினும் அகற்றியவர்களின் தரப்பிலிருந்து சொல்லப்படுவது. தென்னையும் சேப்பங்கிழங்குச் சேறும் முன்னோர் கல்லறையும் விட்டுப் போனவர்களின் தரப்பிலிருந்து பார்த்தால், இருதிறத்து அந்நியர் தங்கள் ஊரில் மோதிக்கொள்வதற்காக அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதே நின்று தெரிகிறது.

இதற்கிடையில் மறுதரப்பில் நடந்ததைக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸை மீட்கச் செல்லும் ஜெனரல் மக்கார்தரின் படைக்குப் பக்கபலமாகப் பலாவுத் தீவுகளைப் பிடிக்கவேண்டும் என்று அமெரிக்கர் திட்டமிட்டிருந்தனர். செப்டம்பர் 12, 13 தேதிகளில் அட்மிரல் ஹால்ஸியின் விமானங்கள் மத்திய பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது எதிர்பார்த்த எதிர்ப்பு இல்லை. உடனே ஹால்ஸி, பலாவையும் யாப்பையும் விட்டுவிட்டு நேரே லேய்ட்டேவுக்குப் போகலாம் என்று தந்தி கொடுத்தார். அவருக்கு மேலதிகாரியான அட்மிரல் நிமிட்ஸ் யாப்பை விட்டார். படைக்கப்பல்கள் நெருங்கிவிட்டன என்று பலாவை விடவில்லை. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 15-ஆம் தேதி காலை, அமெரிக்க முதலாம் மரீன் டிவிஷன் பெலெலியூவின் மேற்குக் கரையில் இறங்கியது. மூன்று நான்கு நாட்களில் வேலை முடியும் என்று அதன் தலைவர் மேஜர் ஜெனரல் ரூபெர்ட்டஸ் முன்னதாகவே கூறியிருந்தார். முடிய இரண்டரை மாதம் ஆயிற்று.

முதல் நாள் பிற்பகலில் ஜப்பானியரின் இலேசு டாங்கிகள் விமானத்தளத்தின் திறந்தவெளியில் பாய்ந்து வந்து அநேகமாக முழுதும் அழிந்தன. அதன்பின் நாககாவா அத்தகைய பெரும் பாய்ச்சலை முயலவில்லை. வெப்பம் 115 பாகை பாரன்ஹீட்டை எட்டியது. மரீன்களுக்குக் கரையில் வந்த குடிநீர், சரியாகக் கழுவப்படாத எண்ணெய்ப் பீப்பாய்களில் நிரப்பப்பட்டிருந்தது. துருவும் எண்ணெயும் கலந்த அந்த நீரைக் குடித்தவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டனர், குடியாதவர்கள் வெயிலில் மயங்கினர். மரீன்களுள் கர்னல் புல்லரின் ரெஜிமெண்டு ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட ஆட்களை இழந்து திரும்பப் பெறப்பட்டது. முதலாம் மரீன் டிவிஷனில் மட்டும் கொல்லப்பட்டோரும் காயமுற்றோருமாக 6,500 பேர். மிச்ச வேலையை எண்பத்தொன்றாம் காலாட்படை டிவிஷன் ஏற்றது. பிடிபட்ட விமானத்தளத்திலிருந்து கோர்செயர் விமானங்கள் கிளம்பி, சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளவும் அவகாசமின்றி, அடுத்த கால் நிமிஷத்தில் எதிரே தெரிந்த முகட்டின்மேல் நேபாம் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. காடு எரிந்து பாறை வெளுத்தது. மண்ணே இல்லாத அந்த மலையில் பதுங்குகுழி வெட்ட முடியாததால், அமெரிக்கச் சிப்பாய்கள் தரையோடு படுத்து மணல் மூட்டையை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளிக்கொண்டு ஊர்ந்தனர். பின்னர் குழாய் போட்டு எண்ணெய் ஏற்றிக் குகைவாய்களில் பீய்ச்சிக் கொளுத்தினர். வெடிவைத்தும் புல்டோசரால் இடிபாடுகளைத் தள்ளியும் வாயை அடைத்தனர். உள்ளே இருந்தவர்களின் கதி என்னவாயிற்று என்று கூற அநேகமாக எவரும் மிஞ்சவில்லை.

செப்டம்பர் இறுதியில் இனோவே, தகாசாகி ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனை இரவில் படகுகளில் ஏற்றிப் பாறைத்திட்டுகளின் ஊடே அனுப்பினார். வழியில் தரைதட்டியும் சுடப்பட்டும் பலர் மாண்டனர்; ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்தனர். அதற்குமேல் பெரிய உதவி எதுவும் போகவில்லை. பாபெல்தாவோப்பே அடுத்த இலக்காகக்கூடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தாமும் வருகிறோம் என்று வீரர்கள் கேட்டார்களா, அனுப்பாமல் விட்டதற்கு அவர் மனம் நொந்தாரா என்றெல்லாம் ஊகித்துக் கதை புனைய நான் விரும்பவில்லை. தந்திகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. பேரரசர் அந்தத் தாணையத்தைப் பதினொரு தடவை பாராட்டினார் என்று ஜப்பானிய நூல்கள் பெருமையோடு குறிக்கின்றன. சோறும் தண்ணீரும் மருந்தும் அனுப்ப இயலாத அரசு பாராட்டை மட்டும் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்ததை எண்ணும்போது, பெருமையைக் காட்டிலும் கோபமே எனக்கு மிகுகிறது.

நவம்பர் 24-ஆம் தேதி ரெஜிமெண்டின் கொடியை எரித்துவிட்டு, முடிவைக் குறிக்க முன்பே ஏற்பாடு செய்திருந்த ‘சக்குரா, சக்குரா’ என்ற சொற்களைத் தந்தியில் அனுப்பச் செய்து, நாககாவாவும் முராயும் தற்கொலை செய்துகொண்டனர். நவம்பர் 27-இல் சண்டை ஓய்ந்தது. தீவிலிருந்த ஏறத்தாழ 10,900 பேரில் அநேகமாக அனைவரும் மாண்டனர். கைப்பற்றப்பட்ட விமானத்தளம் பிலிப்பைன்ஸ் போருக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை. லேய்ட்டேயில் மக்கார்தர் அக்டோபர் 20-ஆம் தேதியே இறங்கிவிட்டார், உமுர்ப்ரோகோலில் அப்போதும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பெரும்பாலான நூல்கள் இந்த இடத்தில் பதினான்காம் டிவிஷனை விட்டு விலகுகின்றன. ஆனால் டிவிஷனின் பெரும்பகுதி பாபெல்தாவோப்பில் உயிரோடு இருந்தது! எதிர்பார்த்த படையிறக்கம் அங்கே நடக்கவேயில்லை. அமெரிக்கர் அத்தீவைத் தொடாமல் விட்டு, பெலெலியூவிலிருந்து நாள்தோறும் விமானங்களை அனுப்பி, அசையும் படகையும் புகையும் அடுப்பையும் சுட்டுக்கொண்டிருந்தனர். கப்பல் வரத்து அறவே நின்றது. கொரோர் நகரம் குண்டுகளால் தரைமட்டமாகவே, அங்கிருந்த ஜப்பானியக் குடிகளும் காட்டுக்குள் வந்து சேர்ந்தனர். சிப்பாய்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு மண்வெட்டி பிடித்து வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் பயிரிட்டனர். உழவர் வீட்டுப் பிள்ளைகளானாலும் அந்தச் செம்மண் அவர்களுக்குப் பழக்கமில்லாதது, கிழங்கு முற்றுமுன்பே பசி முற்றிற்று. பல்லி, பாம்பு, எலி, நத்தை, காட்டு இலை எல்லாம் ஆகாரமாயின. புகை எழுந்தால் விமானம் வரும் என்று பகலில் அடுப்பு மூட்ட அஞ்சினர். தோட்டத்தில் திருடியவனுக்குத் தண்டனை கடுமையாக இருந்தது. சத்துக்குறைவால் கால் வீங்கியும் வயிற்றுப்போக்காலும் தினந்தோறும் சாவு நிகழ்ந்தது. மித்தோ ரெஜிமெண்டு எரிந்து மடிந்ததைச் சொல்லும் ஏடுகளில் பல, பயிற்சி பெற்ற அந்த ஆயிரக்கணக்கானோர் பகைவனோடு நேருக்கு நேர் மோதாமலே ஓராண்டு மெல்ல மெல்ல இளைத்து மாய்ந்ததைச் சொல்வதில்லை. தாணையம் என்பதன் முழு இயல்பு எனக்குப் பாபெல்தாவோப்பில்தான் விளங்குகிறது.

அந்தத் தீவின் மக்களுக்கோ துன்பம் இரட்டிப்பாக இருந்தது. அவர்களும் காட்டுக்குள் ஒளிந்து, குண்டுக்கு அஞ்சி இரவில் வெளிவந்து வேலை செய்தனர். பலாவில் சேப்பங்கிழங்குச் சேறு பெண்களின் பொறுப்பு. தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் சொத்து. தலைமுறை தலைமுறையாகப் பசுந்தழையிட்டுப் பேணிய அந்தச் சேறுகளைப் பசித்த சிப்பாய்களின் கூட்டம் முதிருமுன்பே தோண்டியது. தாங்கள் அழைக்காத காவலாளிக்கு அவர்கள் தங்கள் கிழங்கையும் கொடுக்க நேர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெலெலியூ வீரர்களைப் பற்றிய பரிவு மிகுந்து, அதே படைத்தலைமையின் கீழ் நடந்த கொடுமையை நாம் மறந்துவிடலாகாது. 1944 செப்டம்பரில் பாபெல்தாவோப்பில் ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் கொல்லப்பட்டனர்; வீழ்ந்த விமானங்களிலிருந்து பிடிபட்ட அமெரிக்க விமானிகளும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். யுத்தம் முடிந்தபின் குவாம் தீவில் அமெரிக்கக் கடற்படை நீதிமன்றம் இனோவேயை விசாரித்துத் தண்டித்தது. வீண்சாவைத் தடுக்க ஆக்ஞை எழுதிய அதே கையின் கீழ்தான் இவையும் நிகழ்ந்தன.

1945 செப்டம்பர் 2-ஆம் தேதி, தோக்கியோ விரிகுடாவில் சரணாகதி கையெழுத்தான அதே நாளில், இனோவே அமிக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறித் தம் படைகளைச் சரணடையச் செய்தார். எலும்பும் தோலுமாக மிஞ்சியவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினர். பெலெலியூக் குகைகளில் மட்டும், போர் முடிந்தது என்பதை நம்பாமல், லெப்டினன்ட் யமாகுச்சியின் தலைமையில் முப்பத்துநான்கு பேர் ஒளிந்திருந்தனர். 1947 ஏப்ரலில் சுமிகாவா என்ற முன்னாள் ஜப்பானிய அட்மிரல் நேரில் வந்து எடுத்துரைத்தபின் அவர்கள் வெளிவந்தனர். 2015-இல் அப்போதைய பேரரசர் அகிஹித்தோ பெலெலியூவுக்குச் சென்று, தம் நாட்டவர்க்கான நினைவுச்சின்னத்தின்முன் மட்டுமன்றி அமெரிக்கரின் நினைவுச்சின்னத்தின்முன்னும் மலர் வைத்து வணங்கினார். அச்செயலை நான் மிக மதிக்கிறேன்.

பெலெலியூவில் கண்ட தற்காப்பு முறை அடுத்த ஆண்டு இவோஜிமாவிலும் ஓக்கினாவாவிலும் இன்னும் பெரிய அளவில் கையாளப்பட்டது. சாவைத் தள்ளிப்போடுவதே வெற்றிக்கு ஈடு என்று எண்ணிய அந்த முறை, ஓக்கினாவாவில் படையினரைப் போலவே குடிமக்களையும் பெருந்தொகையாக விழுங்கிற்று. யுத்தகலை ஆராய்ச்சியாளர்கள் நாககாவாவின் திறமையை வியக்கிறார்கள், வியக்கத்தக்கதுதான். ஆனால் தோற்பது உறுதியென்று தெரிந்த அரசுக்கு அத்திறமை வாங்கிக் கொடுத்தது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தைச் சமாதானம் தேடுவதில் செலவிடாமல் மேலும் ஓராண்டு உயிர்ப்பலிக்கு ஒதுக்கியவர்கள் தோக்கியோவில் இருந்தனர்.

பெலெலியூ மக்கள் யுத்தத்திற்குப் பின் தங்கள் தீவுக்குத் திரும்பியபோது மரங்கள் இல்லை. ஊர் எல்லையும் குலத்துக்குரிய நிலமும் இன்னதென்று காட்டி வந்த அடையாளங்கள் இல்லை. வயல்களில் வெடிக்காத குண்டுகள் கிடந்தன. நஷ்ட ஈட்டுக்காக அவர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தனர். 1969-இல் ஜப்பானும் அமெரிக்காவும் மைக்ரோனீசியத் தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் தருவதாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தீவு மக்கள் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தரப்பல்லர். 1971-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி ஓர் ஆணையத்தை அமைத்தது. தென்னை எத்தனை, படகு எத்தனை, இறந்தவர் எத்தனை பேர் என்று முதியவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. ஆணையம் நியாயமென்று தீர்ப்பளித்த தொகை ஒதுக்கிய நிதியை வெகுவாக மிஞ்சிவிட்டதால், தீர்ப்பான தொகையில் ஒரு பகுதியே கொடுக்கப்பட்டது.